ஜமைக்கா சர்க்கரைவள்ளிப் புட்டிங் ஏன் களியாகிறது?

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “கூட வேலை செய்யும் ஜமைக்காக்காரர் கொண்டுவரும் சர்க்கரைவள்ளிப் புட்டிங்கை வீட்டில் செய்தால் எப்போதும் நடுவில் களியாகிவிடுகிறது. ஆல்ஸ்பைஸ் இல்லாததால் கரம் மசாலா போட்டேன். அதே கிழங்கில் ஜெர்க் என்ற ஜமைக்காவின் கார மசாலா விழுதைத் தடவி ஓவனில் வைத்தால் கருகிக் கசக்கிறது. எங்கே தப்பு?”

மசாலா இருக்கட்டும், முதலில் கிழங்கைப் பார்ப்போம். நீங்கள் வாங்கியது பெரும்பாலும் சூப்பர்மார்க்கெட்டில் குவிந்து கிடக்கும் ஆரஞ்சுச் சதைக் கிழங்காக இருக்கும். அதில் தண்ணீர் அதிகம், மாவுச்சத்து குறைவு. வெந்ததும் குழைந்துவிடும். ஜமைக்காவில் புட்டிங்குக்கு எடுப்பது வேறு வகை: தோல் சிவப்பு அல்லது ஊதா, உள்ளே வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள், வெந்தால் மாவாக உதிரும், இனிப்பும் சற்று மட்டு. உங்கள் ஊரில் கரீபியன் கடைகளில் கிடைக்கும். பட்டாட்டா அல்லது போனியாட்டோ என்று எழுதியிருந்தாலும் வாங்கலாம். கடைக்காரரிடம் “உள்ளே வெள்ளையா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி அளவு. ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவி, பச்சையாகவே பொடியாகத் துருவுங்கள். வேகவைத்து மசித்தால் அது வேறு பண்டம். 600 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால், 250 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு கப் மைதா, துருவிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, ஜாதிக்காய்த் தூளும் பட்டைத் தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, ஆல்ஸ்பைஸ் அரைத் தேக்கரண்டி, உப்பு, வெனிலா, உருக்கிய வெண்ணெய் கொஞ்சம், ரம்மில் ஊறிய உலர்திராட்சை (ரம் வேண்டாமென்றால் வெந்நீர் போதும்). கலந்தால் இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கவேண்டும். மிக்ஸியில் அரைக்கிறேன் என்று தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டே போகாதீர்கள், அளவு எகிறுவது அங்கேதான். கையில் ஆரஞ்சுக் கிழங்குதான் இருக்கிறது என்றால் தேங்காய்ப்பாலில் கால் பங்கைக் குறைத்து, கால் கிலோ மஞ்சள் யாம் கிழங்கைத் துருவிச் சேருங்கள், பிடிப்பு வரும். ஜமைக்காவிலேயே யாம் சேர்க்கிறவர்கள் உண்டு.

இந்தப் புட்டிங்கைப் பற்றி அங்கே ஒரு விடுகதை சொல்வார்கள்: மேலே நரகம், கீழே நரகம், நடுவில் அல்லேலூயா. கனத்த இரும்புச் சட்டியைக் கரி அடுப்பில் ஏற்றி, மூடிமேலும் தணலைப் பரப்பிச் செய்த காலத்தது. ஓவனில் 180 டிகிரி, ஒன்றரை மணி நேரம்வரை பிடிக்கும். முக்கால் மணி நேரம் ஆனதும் வெளியே எடுத்து, முக்கால் கப் தேங்காய்ப்பாலில் மூன்று கரண்டி சர்க்கரை கரைத்து மேலே ஊற்றித் திரும்ப வையுங்கள், அந்த மெத்தென்ற மேல்பரப்பு இப்படித்தான் வருகிறது. அப்புறம், சூட்டோடு வெட்டாதீர்கள்! நன்றாக வெந்த புட்டிங்கும் சூடாக இருக்கும்போது களிபோலத்தான் தெரியும். முழுக்க ஆறவேண்டும், மறுநாள் வெட்டினால் இன்னும் நல்லது.

கரம் மசாலா விஷயம். ஆல்ஸ்பைஸ் பல மசாலாக்களின் கலவை இல்லை. கரீபியனில் வளரும் ஒரு மரத்தின் காயை முற்றிப் பழுக்குமுன் பறித்து உலர்த்துவது. முழுதாக வாங்கி அப்போதைக்கப்போது நுணுக்கிக்கொள்ளுங்கள். இல்லாதபோது பட்டை, ஜாதிக்காய், ஒரு சிட்டிகை கிராம்பு போதும். கரம் மசாலாவில் இருக்கும் சீரகமும் மல்லியும் இந்த இனிப்போடு ஒட்டாது.

ஜெர்க் கருகுவதற்குக் காரணம் எளிது: விழுதில் பூண்டும் வெங்காயத்தாளும் சர்க்கரையும் இருக்கின்றன, அவை கிழங்கு வேகும்வரை 220 டிகிரியைத் தாங்காது. துண்டுகளில் எண்ணெய், உப்பு, ஆல்ஸ்பைஸ், தைம் இலை மட்டும் புரட்டி முக்கால் வேக்காடு ஆகவிட்டு, விழுதைக் கடைசிப் பத்து நிமிடத்தில் தடவுங்கள். இதற்கு ஆரஞ்சுக் கிழங்கே சரி, தாராளமாகப் போடலாம். ஆனால் ஜமைக்காக் கடையின் ஜெர்க் மணத்தை எதிர்பார்க்காதீர்கள், அதில் பாதி ஆல்ஸ்பைஸ் மரத்தின் விறகுப்புகை.

வெள்ளைக் கிழங்கு மிஞ்சினால் கரீபியனின் குவாதலூப், மார்த்தினிக் தீவுகளில் செய்யும் கொலம்போ என்ற மசாலாக் குழம்பைச் செய்யுங்கள், உங்களுக்குக் கை பழகியதுபோலவே இருக்கும். 1850களிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட நம் ஆட்கள் விட்டுச்சென்ற மசாலா அது. மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மிளகு, மஞ்சள், சிலர் வறுத்த அரிசியும் சேர்த்துப் பொடிப்பார்கள். வெங்காயம், பூண்டு, தைம் தாளித்து, பொடியையும் கிழங்கையும் போட்டு, தேங்காய்ப்பாலில் மெல்லக் கொதிக்கவிடுங்கள். ஸ்காட்ச் பானெட் மிளகாயைக் கீறாமல் முழுதாக மிதக்கவிட்டு, உடையாமல் வெளியே எடுத்துவிடவேண்டும். மணம் இறங்கும், காரம் அளவோடு நிற்கும். கரண்டி பட்டு உடைந்தால் அன்றைக்குக் குழந்தைகளுக்கு வேறு சமைக்கவேண்டியதுதான். இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள், புளி வேண்டாம்.