மண்ணும் வரலாறும் ஒயின் ருசியை மாத்துமா? லெபனான்ல ஒரு குடும்பத்தோட கதை

கேள்வி: ஒயின்ல மண்ணு தெரியும், வரலாறு தெரியும்னு சொல்றதெல்லாம் வெறும் வியாபாரப் பேச்சா? ஒரு குடும்ப ஒயினரியை வச்சு விளக்க முடியுமா?

வியாபாரப் பேச்சு நிறைய இருக்குங்க, ஆனா எல்லாமே அது இல்ல. துபாய்ல ஒரு ஹோட்டல் ரெஸ்டாரண்ட்ல எட்டு வருஷம் ஒயின் பரிமாறுற வேலை பார்த்தேன், எத்தனையோ பாட்டில் கையில வந்து போயிருக்கு, அதுல இன்னைக்கும் மனசை விட்டுப் போகாதது லெபனானோட சாட்டோ முசார். 1930ல காஸ்தோன் ஹோஷார்னு ஒரு இருபது வயசுப் பையன் ஆரம்பிச்சது, இப்போ மூணாவது தலைமுறை நடத்துது.

இதுல முதல்ல கவனிக்க வேண்டியது என்னன்னா, கொடி இருக்கிறது ஒரு இடம், ஒயின் செய்றது வேற இடம். தோட்டம் பெக்கா பள்ளத்தாக்குல, ஆலை கஸீர்ங்கிற ஊர்ல, பெய்ரூட்டுக்கு வடக்க, கடலைப் பார்த்த மலைச்சரிவுல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மலைத்தொடரே நிக்குது. பறிச்ச பழத்தை மலை தாண்டி ஏன் லாரியில கொண்டு போகணும், தோட்டத்துலயே ஆலையைக் கட்டியிருக்கலாமேன்னு தோணும். அன்னைக்கு அது பிரெஞ்சுக்காரங்க ஆட்சி, பெக்கா கடைசியில லெபனானோட இருக்குமா சிரியாவோட போயிடுமான்னு பலருக்கும் நிச்சயம் இல்ல. அதனால ஆலையை மலைக்கு இந்தப் பக்கமே வச்சுட்டார். எல்லைக்கோட்டு பயத்துல எடுத்த முடிவு அது, அடுத்த அறுபது வருஷம் அந்த ஒயினோட தலையெழுத்தே அதுதான்னு எனக்குத் தோணும்.

மண்ணைப் பத்திச் சொல்றேன். பெக்கா கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம், ரெண்டு பக்கமும் மலை, அடியில சுண்ணாம்புப் பாறை, மேல சரளைக்கல். மழை குளிர்காலத்துல பெஞ்சு முடிஞ்சிடும், கோடை முழுக்க வெயில்தான், ஆனா ராத்திரி நல்லா குளிரும். பகல் வெயில்ல பழம் இனிப்பு ஏத்திக்கும், ராத்திரி குளிர்ல புளிப்பு கரையாம நிக்கும், ரெண்டும் சேர்ந்து இருக்கிறதாலதான் இந்த ஒயின் முப்பது நாப்பது வருஷம் தாங்குது. நான் கம்பம் பக்கத்து ஆளு, தலைக்கு மேல பந்தல்ல தொங்குற பன்னீர் திராட்சையைப் பார்த்து வளர்ந்தவன், பெக்கால பல தோட்டத்துல பந்தலே இல்லாம கொடி குட்டையா புதர் மாதிரி தரையோட நிக்கும்னு கேட்டப்போ நம்பவே முடியல. சிவப்பு ஒயினுக்கு கேபர்னே சாவின்யோன், சான்சோ, காரிஞான்னு மூணு ரகம். இதுல சான்சோவை அந்த நாட்டுக்குக் கொண்டு வந்தது 1857ல பெக்கால க்சாராங்கிற இடத்துல ஒயின் செய்ய ஆரம்பிச்ச ஜெசூட் (இயேசு சபை) பாதிரியார்கள், அல்ஜீரியாலேர்ந்து. அதுக்கும் எவ்வளவோ முன்னாடியே ரோமாக்காரங்க ஒயின் சாமி பாக்கஸுக்கு இதே பள்ளத்தாக்குல பால்பெக்ல கோயில் கட்டிட்டாங்க, அது இன்னும் நிக்குது.

காஸ்தோனோட பெரிய பையன் செர்ஜ், பிரான்ஸ்ல ஒயினுக்குப் பேர்போன போர்தோல படிச்சவர். 1959ல ஒயின் செய்ற பொறுப்பை வாங்கிக்கிட்டார், அப்பாவையே விலகிக்கச் சொன்னேன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார். பழத்தோட தோல்ல இருக்கிற ஈஸ்ட்டே நொதிக்க வைக்கட்டும், வடிகட்ட வேண்டாம், கெட்டுப் போகாம இருக்கச் சேர்க்கிற சல்பர் கொஞ்சம் போதும்னு ஒரு பிடிவாதம். சிமெண்ட் தொட்டி, அப்புறம் ஒரு வருஷம் பிரெஞ்சு ஓக் பீப்பாய், அப்புறம் கலந்து பாட்டில்ல அடைச்சு, பறிச்ச ஏழாவது வருஷம்தான் கடைக்கு வரும். ஏழு வருஷம் காசு முடங்கிக் கிடக்கும்! பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ற கம்பெனியா இருந்தா இது நடக்கவே நடக்காது, குடும்பமா இருந்ததாலதான் முடிஞ்சதுன்னு நான் உறுதியா நம்புறேன்.

அப்புறம் 1975ல உள்நாட்டுப் போர், 1990 வரைக்கும். இப்போ அந்த மலைப்பாதையை யோசிச்சுப் பாருங்க. தோட்டம் ஒரு தரப்போட கட்டுப்பாட்டுல, ஆலை இன்னொரு தரப்போட இடத்துல, நடுவுல செக்பாயிண்ட்டும் ஷெல்லடியும், பழமோ வெயில்ல லாரியில காத்துக்கிட்டு இருக்க முடியாத பொருள். 1976ல கரண்டும் இல்ல பாதையும் இல்ல, அந்த வருஷம் ஒயினே கிடையாது. 1984ல சில மணி நேரத்துல வர வேண்டிய லாரி நாள்கணக்குல சுத்தி வந்து, பழம் லாரியிலயே நொதிக்க ஆரம்பிச்சிருச்சு, அதையும் விடாம செர்ஜ் ஒயினா செஞ்சார், ஆனா அப்போ விற்பனைக்கு விடல. மத்த எல்லா வருஷமும் எப்படியோ செஞ்சுட்டாங்க. உள்ளூர்ல வாங்க ஆளில்லாம போனதும் வெளிநாட்டுக்குக் கிளம்பினார், 1979ல பிரிஸ்டல் ஒயின் கண்காட்சியில அவரோட 1967 ஒயினைக் குடிச்சுட்டு ஆங்கிலேயர்கள் அசந்து போனாங்க, 1984ல டிகான்டர்ங்கிற பிரிட்டிஷ் ஒயின் பத்திரிகை தன்னோட முதல் 'வருஷத்தின் மனிதர்' பட்டத்தை அவருக்குத்தான் கொடுத்துச்சு. லாரியிலயே பழம் நொதிச்ச அதே வருஷம்.

முசார்ல லேசா வினிகர் வாடை வரும், பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், இது குறைன்னு சொல்ற நிபுணர்கள் இருக்காங்க. பாடப்புத்தகப்படி சரிதான். ஆனா அதைத் துடைச்சு எடுத்துட்டா அந்த ஒயின் ஒயினாவே இருக்காதுன்னு நான் நினைக்கிறேன். எங்க கிச்சன்ல ஸாஹ்லே ஊர்க்கார செஃப் ஒருத்தர் இருந்தார், பெக்காலயே பிறந்து வளர்ந்தவர். முசார் பாட்டில் வந்தா முதல்ல வருஷத்தைத்தான் பார்ப்பார், அந்த வருஷம் தான் எந்த ஸ்கூல்ல படிச்சேன், எந்த மாமா வீட்டு அடித்தளத்துல எத்தனை ராத்திரி படுத்திருந்தேன்னு சொல்லிட்டுத்தான் கிளாஸைத் தொடுவார்.

கிடைச்சா வெள்ளை முசாரையும் குடிச்சுப் பாருங்க. ஒபைதே, மெர்வான்னு ரெண்டும் அந்த மலைகளோட சொந்த ரகம், ஒட்டு போடாத பழைய கொடி. ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனே ஊத்தாதீங்க, சில்லுன்னு இருந்தா வாயைத் திறக்காது. முன்னாடியே வெளிய எடுத்துத் திறந்து வச்சிடுங்க, சாப்பாடு முடியற நேரத்துக்கு வேற ஒயின் மாதிரி இருக்கும்.