திங்கட்கிழமை மேட்னி: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், "இரண்டாம் பாகத்துக்கு முதல் மூன்று நாள் வருகிற கூட்டத்தை முதல் பாகத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் படித்து முடிக்க இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. பாதிக்கு மேல் வசவு. நான் சொன்னது இவ்வளவுதான்: அந்தக் கூட்டம் முந்தைய படம் பிடித்ததால் வருவது, புதிய படத்தின் தரத்துக்காக அல்ல.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் முப்பத்தோரு வருடம் விநியோகஸ்தர்களிடம் படப் பிரதிநிதியாக இருந்தவன். பெட்டியோடு ஊருக்குப் போய், டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, விற்ற டிக்கெட்டின் எண்ணைக் காட்சிதோறும் குறித்து, இரவில் வசூல் அறிக்கை எழுதி அனுப்புவது என் வேலை. சினிமாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஸ்டூலிலிருந்து தெரிந்ததுதான்.

'எந்திரன்' படத்தைவிட '2.0' அதிகம் வசூலித்தது என்று என் அறைத் தோழன் சாதிக்கிறான். கூட்டம் 'எந்திரன்' படத்துக்குத்தான் அதிகம் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? – கல்லூரி மாணவர், ராஜபாளையம்

தம்பி, நீங்கள் தலையை எண்ணுகிறீர்கள், அவர் ரூபாயை எண்ணுகிறார். சண்டை எப்படித் தீரும்?

'எந்திரன்' வந்தது 2010 அக்டோபரில். அப்போது சென்னை மல்டிபிளெக்ஸில் டிக்கெட்டின் உச்ச விலை 120 ரூபாய். தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு இருந்த காலம். '2.0' வந்தது 2018 நவம்பர் 29 அன்று. அதற்குள் ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. அடிப்படை விலை 150, அதன்மேல் ஜி.எஸ்.டி. 28 சதவீதம், அதாவது 42 ரூபாய். உள்ளாட்சி கேளிக்கை வரி 8 சதவீதம், 12 ரூபாய். ஆக 204. முப்பரிமாணக் கண்ணாடிக்கு வாங்கிய காசு தனி. அதே ஆள், அதே நாற்காலி, 120 ரூபாய் 204 ஆகிவிட்டது. முதல் படத்துக்கு நூறு பேர் வந்த இடத்தில் இரண்டாவதற்கு அறுபது பேர் வந்தாலே "சாதனை முறியடிப்பு" என்று போஸ்டர் ஒட்டலாம்.

அந்த 204 ரூபாயும் தயாரிப்பாளர் பைக்குப் போகிறது என்று உங்கள் தோழர் நினைத்துக்கொண்டிருந்தால் அதையும் திருத்திவிடுங்கள். 54 ரூபாய் வரிக்குப் போய்விடும். மீதி 150 ரூபாயில்தான் தியேட்டருக்கும் விநியோகஸ்தருக்கும் பங்கு. 2009இல் இந்திப் படத் தயாரிப்பாளர்கள் மல்டிபிளெக்ஸ்களுக்குப் படம் கொடுக்காமல் இரண்டு மாதம் நின்றார்கள். கடைசியில் விநியோகஸ்தர் பங்கு முதல் வாரம் 50 சதவீதம், இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, அதன் பிறகு 30 என்று உடன்பாடு ஆயிற்று. முதல் வாரக் கணக்குப்படியே 75 ரூபாய்தான் விநியோகஸ்தர், தயாரிப்பாளர் பக்கம் போகும். பெரிய நடிகர் படமென்றால் நம் ஊரில் பங்கு இதைவிடக் கூடும், அது பேரத்தைப் பொறுத்தது. ஆனாலும் "நூறு கோடி" என்று கண்ணில் பட்டால், முப்பத்தைந்து நாற்பது என்று மனத்துக்குள் படித்துக்கொள்வது உடம்புக்கு நல்லது.

1999இல் வந்த ஸ்டார் வார்ஸ் முன்கதைப் படமான 'தி ஃபான்டம் மெனஸ்' ரசிகர்களிடம் அவ்வளவு திட்டு வாங்கியது. இருந்தும் உலக அளவில் 92 கோடி டாலர் வசூல். உங்கள் விதி இங்கே பொய்த்துவிட்டதே? – மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

அந்தப் படம்தான் என் விதிக்கு முதல் சாட்சி. ஸ்டார் வார்ஸ் என்கிற ஹாலிவுட் விண்வெளிப் படவரிசையின் கதை 1983இல் மூன்றாவது படத்தோடு முடிந்தது. பிறகு பதினாறு வருடம் பட்டினி. பசியோடு பந்தியில் உட்கார்ந்தவன் இலையில் என்ன விழுகிறது என்று பார்ப்பதில்லை. கை கழுவும்போதுதான் உப்பில்லை என்பான். 1999இல் விற்ற டிக்கெட் எல்லாம் 1977, 1980, 1983 படங்கள் விற்றுக் கொடுத்தவை. உப்பில்லாத சாப்பாட்டுக்கான தண்டனை 2002இல் 'அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்' தலையில் விழுந்தது. உலக வசூல் சுமார் 65 கோடி டாலராக இறங்கியது. அதற்கு முன் ஸ்டார் வார்ஸ் படம் வந்த ஆண்டில் அமெரிக்க வசூலில் முதலிடம் அதற்குத்தான். 2002இல் அந்த வழக்கம் முதன்முதலாக உடைந்தது. முதலிடம் 'ஸ்பைடர்மேன்' படத்துக்குப் போனது.

"அப்படியானால் 2005இல் மூன்றாவது முன்கதை 85 கோடிக்கு ஏறியது ஏன்?" என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று தெரியும். முன்கதையில் வரும் சிறுவன் அனக்கின் எப்படிப் பழைய படங்களின் வில்லனான, கறுப்பு முகமூடி போட்ட டார்த் வேடராக ஆனான் என்பதைப் பார்க்கத்தான் ஜனம் மூன்று படமும் உட்கார்ந்திருந்தது. அந்தக் காட்சி மூன்றாவது படத்தில் இருந்தது. எல்லோருக்கும் அது தெரியும். ஆகவே வந்தார்கள்.

பிற்பாடு நடந்ததும் இதேதான். 2017 டிசம்பரில் வந்த 'தி லாஸ்ட் ஜெடை' 133 கோடி டாலர் வசூலித்தது. ஆனால் ரசிகர்களை இரண்டாகப் பிளந்தது. ஐந்தே மாதத்தில், 2018 மே மாதம், 'சோலோ' வந்தது. இதுவும் முன்கதை. 39 கோடியோடு நின்றுவிட்டது. படப்பிடிப்பு நடுவிலேயே இயக்குநர்களை மாற்றிப் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்ததில் செலவு வேறு எகிறியிருந்தது. அந்தப் படத்தை எனக்குப் பிடிக்கும். ஆனால் என் டிக்கெட் ஒன்றை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

இன்னொரு கணக்கும் உங்களுக்குப் பிடிக்கலாம். 2015இல் வந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' அமெரிக்கா, கனடாவில் மட்டும் 93 கோடி 60 லட்சம் டாலர் வசூலித்தது. 1977 படம் 1982 வரையிலான மறுவெளியீடுகளையும் சேர்த்து 30 கோடி 70 லட்சம். மூன்று மடங்கு வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் 1977இல் அங்கே சராசரி டிக்கெட் 2 டாலர் 23 சென்ட். 2015இல் 8 டாலர் 43 சென்ட். வகுத்துப் பாருங்கள். புதிய படத்துக்கு 11 கோடி டிக்கெட், பழையதற்கு 13 கோடிக்கும் மேல்.

'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் சுமார் 500 கோடி என்றார்கள். ஏழே மாதத்தில் வந்த இரண்டாம் பாகம் 350 கோடிக்கு அருகில்தான் நின்றது. முதல் பாகம் பிடித்துத்தானே ஜனம் பாராட்டியது? – ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள், ஐயா. என் விதி இங்கே நொண்டுகிறது.

என் அத்தைக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. பத்திரிகையில் வந்த தொடரைக் கிழித்துச் சேர்த்து, கெட்டி அட்டை போட்டுத் தைத்த ஐந்து பாகங்களும் அவள் தலைமாட்டு அலமாரியில் இருக்கும். முதல் பாகம் வந்தபோது இரண்டு பேரன்கள் ஆளுக்கொரு பக்கம் கைத்தாங்கலாகப் பிடித்துத் தியேட்டர் படி ஏற்றினார்கள். இடைவேளையில் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "நந்தினி சரியாக வந்திருக்கிறாள், ஆழ்வார்க்கடியானுக்குத்தான் இன்னும் கொஞ்சம் வாய் வேண்டும்" என்று தீர்ப்புச் சொன்னாள். இரண்டாம் பாகத்துக்குக் கூப்பிட்டபோது, "கதைதான் எனக்குத் தெரியுமே, டிவியில் போட்டால் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். படம் பிடிக்காததால் அல்ல, படி ஏற வேண்டியிருந்ததால்.

2022 செப்டம்பர் 30 அன்று திரண்டது, பத்து இருபது வருடம் தியேட்டர் பக்கமே வராத கூட்டம். 1950இல் தொடங்கிய தொடர்கதையின் பாத்திரங்களைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வந்தவர்கள், பார்த்துவிட்டார்கள். ஆசை அன்றோடு தீர்ந்தது.

'பாகுபலி'யை இதோடு ஒப்பிடுங்கள். 2015இல் முதல் பாகம், கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான் என்ற கேள்வியோடு கதவைச் சாத்தியது. விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை. இரண்டு வருடம் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் அந்தக் கேள்வி வட்டிக்கு வட்டி போட்டு வளர்ந்தது. முதல் பாகம் சுமார் 650 கோடி, இரண்டாவது சுமார் 1,800 கோடி என்று சொல்லப்பட்டது. பொன்னியின் செல்வனுக்கும் ஒரு கொலை இருக்கிறது, ஆதித்த கரிகாலன் கொலை. ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பற்றி எழுபது வருடமாகச் சண்டை போட்டுக் களைத்துவிட்டார்கள்.

முன்கதைப் படங்கள் ஓடாது என்பது சாபமா? – வங்கி ஊழியர், திருநெல்வேலி

சாபம் ஒன்றுமில்லை. நாயகன் சாக மாட்டான் என்று தெரிந்தே உட்கார்வதால் பயம் பாதியாகிவிடும். அந்தப் பாதியை ஈடுகட்ட வேறு சரக்கு வேண்டும். 2012இல் வந்த 'பில்லா 2', பில்லா எப்படித் தாதாவானான் என்று சொன்னது. முதல் வார இறுதியில் நெரிசல், பிறகு படம் தாக்குப்பிடிக்கவில்லை. அவன் எப்படி ஆனான் என்று 2007இல் 'பில்லா' வந்தபோது யாரும் கேட்கவில்லையே! 'மேட் மேக்ஸ்' வரிசையில் 2015 படம் 38 கோடி டாலர். ஒன்பது வருடம் கழித்து அதன் நாயகியின் முன்கதையாக 2024இல் வந்த 'ஃபியூரியோசா' 17 கோடி சொச்சம். நடிகையும் மாறிவிட்டார், மேக்ஸும் கதையில் இல்லை என்று சொல்லலாம். படம் மோசம் என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

எதிர்ச்சாட்சி 'காந்தாரா'. 2022 படம் சுமார் 400 கோடி; 2025 அக்டோபர் 2 அன்று வந்த முன்கதை அதைப்போல் இரண்டு மடங்கு என்றார்கள். முதல் படத்து ஆளின் இளமைக் கதையை அது சொல்லவில்லை. பல நூற்றாண்டு பின்னால் போய்த் தெய்வத்தின் கதையை எடுத்துக்கொண்டது. அங்கே யார் பிழைப்பார் என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது.

நீங்கள் பொய்க் கணக்கு எழுதியதுண்டா? – பெயர் வேண்டாம், சேலம்

எழுதச் சொன்னார்கள். தியேட்டர்காரர் குறைத்துச் சொல்வார், தயாரிப்பாளர் கூட்டி விளம்பரம் கொடுப்பார், நடுவில் ஸ்டூலில் நான்.

ஒரு தியேட்டரில் கவுண்டரில் விற்ற எண்ணிக்கை 300, உள்ளே எட்டிப் பார்த்தால் கண்ணுக்கு நானூறு பேர். வாசலில் டிக்கெட்டைக் கிழிக்காமல் வாங்கிவைத்து, அதையே பின்பக்கமாகக் கவுண்டருக்கு அனுப்பித் திரும்ப விற்றுக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடித்தது எப்படி என்றால், சைக்கிள் நிறுத்துமிடத்துப் பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எத்தனை டோக்கன் போட்டாய் என்று கேட்டேன். சைக்கிள் மட்டும் 260. அத்தனை பேரும் சைக்கிளில் வரும் ஊரா அது?

தொண்ணூறுகளில் ஓர் இரண்டாம் பாகம். எந்தப் படம் என்று கேட்காதீர்கள். வெள்ளி, சனி, ஞாயிறு கவுண்டர் கம்பியை வளைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை மேட்னிக்கு 41 பேர். மூன்றாவது வரிசையில் ஒருவர் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கினார். மின்விசிறியில் பாதியை நிறுத்திவிட்டு வந்த முதலாளி, "வியாழக்கிழமை பெட்டியைத் தூக்கிவிடுங்கள்" என்றார். அன்றைய பேப்பரிலும் மறுநாள் பேப்பரிலும் அந்தப் படத்துக்கு "வரலாறு காணாத வெற்றி". நான் 41 என்றுதான் எழுதினேன். அந்த எண்ணிக்கை என்னையும் என் விநியோகஸ்தரையும் தவிர யாருக்கு வேண்டும்? அவர் மினிமம் கியாரண்டி கொடுத்து வாங்கியிருந்தார், அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் திரும்பி வராத முன்பணம். முதல் பாகம் ஓடிய தைரியத்தில் கொடுத்த விலை. அடுத்த வருடம் அவருடைய அலுவலக வாசலில் வேறு பெயர்ப்பலகை தொங்கியது.

வசூலில் தோற்று, தரத்தில் ஜெயித்த இரண்டாம் பாகம்? – புதுச்சேரி வாசகி

'தி காட்ஃபாதர்' இரண்டாம் பாகம், 1974. தந்தையின் முன்கதையும் மகனின் பின்கதையும் ஒரே படத்தில். அமெரிக்காவில் முதல் படத்தின் வசூலில் பாதிகூட வரவில்லை. முதல் படத்துக்கு மூன்று ஆஸ்கர், இதற்கு ஆறு.

'புஷ்பா 2' வசூலா, 'பாகுபலி 2' வசூலா என்று என் கணவரும் மகனும் சாப்பாட்டு நேரத்தில் தினமும் சண்டை. தோசை ஆறிப்போகிறது. தீர்ப்பு சொல்லுங்கள். – குடும்பத் தலைவி, ஈரோடு

இந்தி வட்டாரத்து ரூபாய்க் கணக்கில் 'புஷ்பா 2' முந்திவிட்டது, அதில் வாதமில்லை. உலகக் கணக்கு வேறு. அங்கே அமெரிக்காவில் தியேட்டர்களிடமிருந்தே எண்ணிக்கையைத் திரட்ட நிறுவனம் இருக்கிறது. இங்கே தயாரிப்பாளர் ஒன்று சொல்வார், வணிகப் பத்திரிகை ஒன்று சொல்லும். போதாததற்கு ஒன்று 2017 விலை, மற்றது 2024 விலை. ஆகவே இது முடியாது, அம்மா. இரண்டு பேரையும் இன்று இரவு அடுப்பு முன்னால் நிறுத்தி ஆளுக்குப் பத்துத் தோசை வார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுங்கள்.