சுருள் முடி நாய்க்குட்டிக்கு எந்த ஷாம்பு நல்லது? குளிப்பாட்டவும் முடி வாரவும் எப்போது தொடங்கலாம்?

கேட்டிருப்பது நுவரெலியாவில் வளரும் பத்து வாரப் பூடில் கலப்புக் குட்டியைப் பற்றி. அந்தக் குளிருக்கும் அந்த முடிக்கும் ஷாம்பு இரண்டாவது விஷயம்தான். முதலில் ஒரு ஸ்டீல் சீப்பும் ஒரு ஹெயார் டிரையரும் தேவை. பூடில், பிஷோன் ஆகிய நாயினங்களிலும் இவற்றின் சுருள்முடிக் கலப்புகளிலும் உதிர்ந்த முடி பெரும்பாலும் தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே தங்கிவிடும். அதை வாரி எடுக்காமல் தண்ணீர் ஊற்றினால் சிக்கு இறுகி, காய்ந்த பிறகு கம்பளித் துண்டு மாதிரித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்த விலை ஷாம்பும் அதை அவிழ்க்காது.

ஷாம்பு வாங்கும்போது போத்தலில் நாய்க்குட்டிக்கு உரியது என்று எழுதியிருக்க வேண்டும். வாசனை குறைவாக, சாயம் இல்லாமல் இருந்தால் நல்லது. ஓட்ஸ் சேர்ந்தது வறண்ட தோலுக்கு இதமாக இருக்கும். நம் தோலின் பிஎச் (அமில, கார) அளவு ஏறக்குறைய 5.5, நாயின் தோல் நடுநிலையை, அதாவது 7ஐ ஒட்டியது. மேல்தோலும் நம்முடையதைவிட மெல்லியது. அதனால் நமது ஷாம்பு அதற்குச் சரிவராது. வேம்புச் சவர்க்காரம் உட்பட எந்தக் கட்டிச் சவர்க்காரமும் காரத்தன்மை கூடியது. தோலின் எண்ணெயை உரித்துவிடும், சுருளுக்குள் படிந்தும் நிற்கும். குளிக்கும் வாளியில் டெட்டோல் ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குட்டி உடம்பை நக்கும் என்பதை மறக்க வேண்டாம். தேயிலைமர எண்ணெய் கலந்தவையும் வேண்டாம், அது நாய்க்கு நஞ்சு. (பெயரில்தான் தேயிலை, நம் மலையில் கொழுந்து பறிக்கும் செடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

உண்ணி, தெள்ளு ஷாம்புகளில் வயது வரம்பு போட்டிருக்கும். அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்ததாக இருந்தால் வீட்டுப் பூனைக்கு உயிராபத்து. கழுத்தில் விடும் பிப்ரோனில் சொட்டு மருந்து போடுவதாக இருந்தால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது.

வாருவதை இன்றைக்கே தொடங்கலாம். தினமும் ஐந்து நிமிடம், மடியில் வைத்து, அவித்த கோழித் துணுக்கை இடையிடையே கொடுத்துச் செய்யுங்கள். முதல் வாரம் பாதம், காது, வாய், வால் அடி என்று தொட்டுப் பழக்குவதே போதும். பிறகு மெல்லிய கம்பி வைத்த ஸ்லிக்கர் பிரஷ், அதன் பின் சீப்பு. மேலாக வாரினால் வெளிமுடி பஞ்சாக நிற்கும், அடியில் சிக்கு அப்படியே இருக்கும். பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். இடது கையால் முடியை மேலே ஒதுக்கி, தோல் கோடு தெரியும்படி பிரித்து, காலின் கீழிருந்து அடுக்கடுக்காக மேலே வாருங்கள். தோலிலிருந்து நுனிவரை சீப்பு தடங்காமல் வந்தால்தான் அந்த இடம் முடிந்தது. காதின் பின்புறம், அக்குள், கழுத்துப் பட்டியின் அடி, தொடையிடுக்கு ஆகியவை முதலில் சிக்குப் பிடிக்கும் இடங்கள்.

சிக்கு அகப்பட்டால் அதன் அடியை விரல்களால் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் சோளமாத் தூவி, நீளவாக்கில் விரலாலேயே பிரியுங்கள். பிரியாததை வெட்டத்தான் வேண்டும். ஆனால் தோல் சிக்குக்குள் இழுபட்டு நிற்கும், கத்தரியை நேரே விட்டால் தோலும் சேர்ந்து போகும். சீப்பைத் தோலுக்கும் சிக்குக்கும் நடுவே செருகி, சீப்புக்கு மேலே வெட்டுங்கள்.

குளிப்பாட்ட மாதம் ஒரு முறை போதும். சேறு பட்ட காலை வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் சரி. தடுப்பூசி போட்டு இரண்டு மூன்று நாளாவது விட்டு, வெயில் உள்ள நாளில், முற்பகல் பதினொன்றுக்கு மேல் தொடங்குங்கள். ஹற்றன், நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மூடுபனியிலும் மழையிலும் அப்படி ஒரு நாளைப் பிடிப்பது சிரமந்தான். கிடைக்காவிட்டால் குளிப்பைத் தள்ளிப்போடுங்கள், வாருவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பேசினுக்குள் வழுக்காமல் ஒரு சாக்கு விரியுங்கள். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர் என்று கலந்து, மணிக்கட்டில் விட்டால் சூடோ குளிரோ தெரியாத பதம் வர வேண்டும். ஏறக்குறைய 37, 38 பாகை. போத்தலில் வேறு அளவு சொல்லியிராவிட்டால் ஒரு மேசைக்கரண்டி ஷாம்பை இரண்டு யோகட் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாக ஊற்றினால் ஒரே இடத்தில் தங்கி, அலச முடியாமல் அரிப்பைக் கொடுக்கும். கரைத்ததில் மிச்சத்தை அன்றே ஊற்றிவிடுங்கள், வைத்தால் அதில் கிருமி பெருகும். கழுத்துக்குக் கீழே மட்டும் ஊற்றி, முடி வளர்ந்த திசையிலேயே அழுத்தி அழுத்திப் பிழியுங்கள். தலை கழுவுவதுபோல் தேய்த்தால் அப்போதே முடிச்சு விழும். முகத்துக்கு ஈரத் துணி போதும், காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. நுரை போட எடுத்த நேரத்தைவிட இரண்டு மடங்கு நேரம் அலசுங்கள்.

துவாயாலும் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு டிரையரை மிதமான சூட்டில் ஓரடி தள்ளிப் பிடித்து, பிரஷ்ஷால் சுருளை நீட்டிக்கொண்டே அடிமுடிவரை காய வையுங்கள். இந்த மலைக் காற்றில் தானாகக் காயட்டும் என்று விட்டால் அடிமுடி மாலைவரை ஈரமாகவே இருக்கும். குட்டி நடுங்கும், சிக்கு விழும், இரண்டு நாளில் புளித்த வாடையும் தோல் சிவப்பும் வரும். டிரையர் சத்தத்துக்குப் பயந்தால் குளிக்காத நாட்களில் தூரத்தில் ஓடவிட்டுப் பழக்குங்கள்.

தடுப்பூசி வரிசை முடியும்வரை, அதாவது ஏறக்குறைய பதினாறு வாரம்வரை, வெளியே நாய்களுக்கு முடி வெட்டும் பார்லருக்குக் கொண்டுபோக வேண்டாம். குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் மேசையிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதற்குள் வீட்டிலேயே ட்ரிம்மரை நிறுத்தி வைத்து முதுகில் தொட்டு, பிறகு சத்தத்தோடு தொட்டுப் பழக்கலாம். பார்லருக்குப் போகும் முதல் தடவை கண்ணோரம், பாதம், மலவாய்ப் பக்கம் மட்டும் வெட்டச் சொல்லுங்கள். முழுவெட்டு ஐந்து ஆறு மாதத்தில் செய்யலாம். அப்போதும் இரண்டு மூன்று சென்டிமீற்றர் விடச் சொல்லுங்கள். ட்ரிம்மரின் பத்தாம் நம்பர் பிளேட் இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைவாகவே விடும், டிசம்பர், ஜனவரிக் குளிருக்கு அது ஆகாது. ஸ்வெட்டர் போட்டால் தினமும் கழற்றி அக்குளை வாருங்கள்.

ஆறாம் மாதத்துக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இடையில் குட்டிமுடி போய் வளர்ந்த முடி வரும். அதுவரை சும்மா இருந்த முடி அப்போது ஒரே இரவில் சிக்குப் பிடிக்கும். அந்த மாதங்களில் ஐந்து நிமிடம் போதாது, இருபது நிமிடமாவது வேண்டும். புல்லில் விட்டு வந்தால் விரல் இடுக்கில் அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், சுருளுக்குள் வெளியே தெரியாது.

வட்டமாக முடி உதிர்ந்தாலோ, ஓயாமல் சொறிந்தாலோ ஷாம்பை மாற்றிப் பார்க்க வேண்டாம். வட்டப் படை நமக்கும் தொற்றும். பக்கத்து அரச மிருக வைத்திய அலுவலகத்திலோ, பேராதனை மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலையிலோ காட்டுங்கள். மருந்து ஷாம்பு தந்தால் நுரையைப் பத்து நிமிடம் உடம்பிலேயே விட வேண்டியிருக்கும், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.