மால்டா, கோசோ: டைவுக்கு முன்பணம் கட்டலாமா?

டூர் கம்பெனி வேண்டாம், விமானம், அறை, கடலுக்கடியில் இறங்கும் டைவ் எல்லாவற்றையும் நானே தனித்தனியாகப் போட்டுக்கொள்கிறேன் என்று மால்டாவுக்குக் கிளம்புகிறவர்கள் நிறைய எழுதியிருக்கிறீர்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: முகம் முழுக்க மூடும் ஸ்நார்க்கல் மாஸ்க் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். சிலிண்டரோடு மூழ்கும் ஸ்கூபாவுக்கும் அதையே போட்டுக்கொள்ளலாமா? (கோவை)

பதில்: முடியாது. சிலிண்டர் காற்றைத் தரும் ரெகுலேட்டரை வாயில் வைக்க அதில் இடம் ஏது? பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: மால்டாவின் பக்கத்துத் தீவான கோசோவில் ஒரு டைவ் சென்டருக்கு 10 டைவுக்கான பணத்தை முன்கூட்டியே கார்டில் கட்டினேன். நான்கு முடிந்ததும் காற்று பிடித்துக்கொண்டது. கடல் சரியில்லை என்று மூன்று நாள் கடையையே திறக்கவில்லை. மீதிப் பணத்தைக் கேட்டால், "காற்றுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள். (பாரிஸ்)

பதில்: காற்றுக்குப் பொறுப்பில்லை, சரி. கொடுக்காத ஆறு டைவுக்கு வாங்கி வைத்திருக்கும் காசுக்கு? ரசீதையும் அவர்களுடைய நிபந்தனைப் பக்கத்தையும் சேமித்து வைத்துக்கொண்டு, இத்தனை யூரோ, இந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால், சேவை கிடைக்கவில்லை என்று கார்டு கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரும்படி, கேளுங்கள். பிரான்ஸில் வசிப்பவர் என்பதால் அங்குள்ள ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கும் எழுதலாம். வேறொரு ஐரோப்பிய யூனியன் நாட்டுக் கடையோடு வரும் தகராறுகளில் இலவசமாக உதவுவார்கள். "14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டே" என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள். தேதி குறித்து வாங்கும் தங்குமிடம், பொழுதுபோக்குச் சேவைகளுக்கு அந்த உரிமை கிடையாது.

இந்த 'பத்து வாங்கினால் மலிவு' வியாபாரத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மால்டாவிலும் கோசோவிலும் பல டைவ்கள் கரையிலிருந்தே இறங்குபவை. சிலிண்டர்களை வேனில் ஏற்றிக்கொண்டு, காற்றுக்கு மறைவான கரை எதுவோ அங்கே போய்விடலாம். வடமேற்குக் காற்று அடித்தால் கோசோவின் மேற்கே த்வெய்ரா கொந்தளிக்கும். அதே நாளில் தெற்கே ஷாட் லஹ்மர் பக்கம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். 2006-ல் டைவர்களுக்காகவே மூழ்கடித்த கர்வேலா, கொமினோலாண்ட் கப்பல்கள் அங்கேதான் கிடக்கின்றன. ஆனால் மொத்தப் பணமும் கைக்கு வந்த பிறகு எவன் வேனை எடுப்பான்? விலை பேசும் முன்னாலேயே கேளுங்கள்: காற்று மாறினால் எங்கே கூட்டிப்போவீர்கள், எங்கேயும் போகாவிட்டால் காசு என்ன ஆகும்? வழிகாட்டி, கருவி வாடகை, வண்டி, படகு எல்லாம் அந்த விலைக்குள்ளா வெளியிலா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதில் மின்னஞ்சலில் வரட்டும். அதன் பிறகும் நாள் நாளாகத்தான் கட்ட வேண்டும்.

கேள்வி: ஷெங்கன் விசாவுக்காக 30,000 யூரோ பயணக் காப்பீடு எடுத்துவிட்டேன். டைவிங்குக்கும் அது போதும்தானே? (சென்னை)

பதில்: 'தானே' என்று முடிவு செய்துவிட்டு எனக்கு ஏன் எழுதுகிறீர்கள்? 30,000 என்பது விசாவுக்கான குறைந்தபட்சத் தொகை, அவ்வளவுதான். பாலிசியின் விலக்குகள் பக்கத்தைப் புரட்டுங்கள். பலவற்றில் ஸ்கூபாவே விலக்கு. இன்னும் சிலவற்றில் ஆழத்துக்கு வரம்பு இருக்கும். மால்டாவில் எல்லோரும் ஆசைப்படும் உம் எல் ஃபாரூத் என்ற மூழ்கிய கப்பல் கிடக்கும் மணல் சுமார் 36 மீட்டர் ஆழத்தில். டைவிங்கில் முதல் நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழோ 18 மீட்டருக்குத்தான். ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டிவிட்டால் அழுத்த அறைச் சிகிச்சை தேவைப்படும், அந்த பில் சாதாரண ஆஸ்பத்திரி பில் மாதிரி இருக்காது. டைவர்களுக்கென்றே தனிப் பாலிசிகள் இருக்கின்றன, அதில் ஒன்றை எடுங்கள்.

கேள்வி: ஐந்து நாள் டைவ். கடைசி நாள் காலையில் ஒன்று, மாலை 4 மணிக்கு விமானம். டிக்கெட்டை மாற்ற முடியாது. பரவாயில்லையா? (பெங்களூரு)

பதில்: அந்தக் காலை டைவை விடுங்கள். தொடர்ந்து பல நாள் டைவ் செய்தவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். ஓப்பன் வாட்டர் வகுப்பிலேயே இதைச் சொல்லித் தருகிறார்கள்.

கேள்வி: ஏப்ரலில் போகிறேன். 3 மில்லிமீட்டர் வெட்சூட் பாதி விலைக்கு வருகிறது. வாங்கட்டுமா? (சிங்கப்பூர்)

பதில்: அப்படி ஒன்று என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. நானும் தள்ளுபடியைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஏப்ரலில் அங்கே தண்ணீர் 16 டிகிரி அளவில்தான் இருக்கும். அதைப் போட்டு இறங்கிய இருபதாவது நிமிடத்தில் விரல் மரத்துப்போய், ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தக்கூட முடியவில்லை. 7 மில்லிமீட்டர் உடையை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். காசு கொடுத்து வாங்குவதென்றால் முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க் ஒன்று, டைவ் கம்ப்யூட்டர் ஒன்று.

கேள்வி: கோசோவின் அஸூர் விண்டோ பாறை வளைவின் படத்தைப் போட்டு ஒரு தளத்தில் டைவ் விற்கிறார்கள். நம்பலாமா? (மதுரை)

பதில்: அந்த வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்துவிட்டது. இப்போது அங்கே போனால் தண்ணீருக்கடியில் கிடக்கும் பாறைகளுக்கு நடுவே டைவ் செய்யலாம், அதுவும் நன்றாகவே இருக்கும். ஆனால் படத்தையே இத்தனை வருடம் மாற்றாதவர்கள் விலைப் பட்டியலை மட்டும் மாற்றியிருப்பார்களா?

கேள்வி: கோசோவுக்குக் கார் ஏற்றிப்போகும் கப்பலில் போகும்போது யாரும் காசே கேட்கவில்லை என்கிறார் நண்பர். நிஜமா? (லண்டன்)

பதில்: நிஜம்தான். மால்டா பக்கத்துத் துறையான சிர்க்கெவ்வாவில் சும்மா ஏறலாம், திரும்பும்போது கோசோ பக்கத்தில் இரண்டுக்கும் சேர்த்து வாங்கிவிடுவார்கள். வலேட்டாவிலிருந்து போகும் வேகப் படகு வேறு, அதில் ஏறும்போதே காசு.