செங்காந்தள் மாதிரிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: அழுத்தி உலர்த்திய பூ பழுப்பாகிவிட்டது. மாதிரி வீணா?

ப: இல்லை. காய்ந்தால் நிறம் போகத்தான் செய்யும். விரியும்போது பச்சை கலந்த மஞ்சள், அப்புறம் மஞ்சளும் சிவப்பும், முற்றியதும் முழுச் சிவப்பு என்று ஒரே பூ நிறம் மாறும். பறித்தபோது எந்த நிறம் என்று செடியருகே நின்றே பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.

கே: கிழங்கையும் தோண்ட வேண்டுமா?

ப: வேண்டாம். பூவும் காயும் நுனி சுருண்ட இலைகளும் உள்ள கொடித்துண்டு போதும். செடி முழுக்கக் கோல்ச்சிசின் நஞ்சு இருக்கிறது, கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

கே: படம் இணைத்துள்ளேன். இது குளோரியோசா ரோத்சைல்டியானாவா?

ப: ஊர் இல்லை, தேதி இல்லை, காட்டிலா தொட்டியிலா என்றும் இல்லை. இப்படி அனுப்பினால் என்ன சொல்வது? அந்தப் பெயரை இப்போது செங்காந்தளின் அறிவியல் பெயரான குளோரியோசா சுபெர்பாவில்தான் சேர்க்கிறார்கள். மற்ற விவரங்களோடு மறுபடி எழுதுங்கள்.

கே: இணைய வரைபடத்தில் சென்னை நகரின் நடுவே 19ஆம் நூற்றாண்டுச் செங்காந்தள் பதிவு ஒன்று இருக்கிறது. அங்கே காடா இருந்தது?

ப: இதைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழைய லேபிளில் 'மெட்ராஸ்' என்றிருந்தால் அது ஊராகவும் இருக்கலாம், கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை நீண்ட, மலபாரையும் உள்ளடக்கிய மாகாணமாகவும் இருக்கலாம். அந்த நூற்றாண்டில் தென்னிந்தியாவில் செடி சேகரித்த ராபர்ட் வைட்டின் தாள்கள் (உலர்ந்த செடியை ஒட்டி லேபிள் இட்டவை) பலவற்றில் இந்தியத் தீபகற்பம் என்பதற்கு மேல் இடக்குறிப்பே கிடையாது. லேபிளைப் படிக்காமல் யாரோ நகரத்தின் நடுப்புள்ளியைப் போட்டுவிடுகிறார்கள். அடுத்தவர் அதை எடுத்து, செடிக்கு ஏற்ற மழை, வெப்பம் எவ்வளவு என்ற கணக்கில் சேர்க்கிறார். அந்தச் செடி கடப்பை மலையில் எடுத்ததாகக்கூட இருக்கலாம்! பதிவில் 'பிழை எல்லை' என்ற கட்டத்தைப் பாருங்கள், புள்ளி எவ்வளவு தூரம் தவறியிருக்கலாம் என்பது அதில் இருக்கும். காலியாக இருந்தால் அந்தப் புள்ளியை விட்டுவிடுங்கள். பிரிட்டனின் கியூ, எடின்பரோ ஹெர்பேரியங்கள் (உலர் தாவரக் காப்பகங்கள்) தாள்களின் படங்களையே இணையத்தில் வைத்திருக்கின்றன. அட்டவணையை மட்டும் நம்பாமல் லேபிளைப் பெரிதாக்கிப் படியுங்கள், சேகரித்தவர் அந்த வருடம் எங்கே இருந்தார் என்று தேடுங்கள். ஒரு தாளுக்கு அரை நாள் ஆனாலும் பரவாயில்லை.

கே: ஒரே சேகரிப்பாளர், ஒரே எண், ஒரே தேதி. மூன்று ஹெர்பேரியங்களில் தாள்கள். மூன்று பதிவுகளா?

ப: ஒன்றுதான்.

கே: திருப்பூர் மாவட்டம் மூலனூர் அருகே வேலியோரம் எடுத்தேன். காட்டுச்செடி என்று எழுதலாமா?

ப: அந்தப் பக்கம் விதைக்காகவே செங்காந்தள் பயிரிடுகிறார்கள். 'வேலியோரம், அருகில் சாகுபடி உண்டு' என்று கண்டதை எழுதுங்கள். முடிவைப் பின்னால் வருபவர் எடுக்கட்டும்.

கே: பழைய தாள்களைக் கையால் தொடலாமா?

ப: கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பூச்சி அரிக்காமலிருக்க மெர்குரிக் குளோரைடு பூசியிருப்பார்கள். அங்கேயும் குறிப்பெடுக்கப் பென்சில்தான்.