நீல டிரம்மைத் திறந்து பாருங்கள்

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட லயத்தில் இருக்கிறேன். மிளகாய் நாற்றும் மல்லிகைக் குச்சியும் பாலிபேக்கில் வளர்த்து பசாரில் விற்கிறேன். பத்து நாள் நாற்று அடித்தண்டு நூலாய் இளைத்துச் சாய்கிறது. குச்சிகள் அடியிலிருந்து கறுத்து அழுகுகின்றன. பேக்கைத் தொட்டால் சின்னக் கறுப்பு ஈ எழும்புகிறது. கடைக்காரர் தந்த வெள்ளைத் தூளை மூன்று தடவை அடித்தேன், நிற்கவில்லை. வேறு எந்த மருந்து நல்லது?

பதில்: அம்மா, சாய்ந்த நாற்று எந்த மருந்துக்கும் எழுந்திருக்காது. பேக்கோடு அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் போடாதீர்கள்.

'வெள்ளைத் தூள்' என்கிறீர்களே, அதற்குப் பெயர் இல்லையா? கார்பண்டாசிம் என்ற பூஞ்சாண மருந்து என்றால், முப்பது தடவை அடித்தாலும் நாற்றைச் சாய்க்கும் பித்தியம் அசையாது. பூஞ்சாணம் போலத் தெரியும் அது பூஞ்சாணமே அல்ல, ஈரத்தில் நீந்திப் பரவும் கிருமி. அதைப் பிடிப்பது மெட்டாலாக்சில் வகை மருந்து. அதுவும் நோய் வருமுன் மண்ணில் ஊற்றினால்தான். லேபிள் இல்லாத பொட்டலத்தில் மருந்து கட்டித் தருபவரிடம் இனி போகாதீர்கள். இங்கே மலேசியாவில் 1974லேயே பூச்சிமருந்துச் சட்டம் வந்துவிட்டது, அவருக்கும் அது தெரியும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. எங்கிருந்து மொள்ளுகிறீர்கள் என்று எழுதவே இல்லை. லயம் என்றதும் என் கண்ணில் பட்டது கூரைத் தண்ணீர் விழும் நீல டிரம்தான். மூடியில்லை, அடியில் மக்கிய இலை, சுவரெல்லாம் பாசி. கிருமி குடியிருப்பது அங்கே. நானும் ஒரு பருவம் முழுக்க மண்ணையும் விதையையும் குறை சொல்லிக்கொண்டே தட்டுத் தட்டாய் இழந்தேன். டிரம்மைக் கழுவி மூடிய பிறகுதான் நாற்று நின்றது. குழாய்த் தண்ணீர் கிடைத்தால் நாற்றுக்கு அதையே ஊற்றுங்கள், மழைநீர் பெரிய செடிகளுக்குப் போகட்டும். ஊற்றுவது காலையில் மட்டும். சாயங்கால மழையே போதாதென்று நீங்களும் ஊற்றினால் மண் இரவெல்லாம் சொதசொதக்கும்.

ஈ விஷயம் வேறு. எண்ணெய் மில்லில் சும்மா கிடைக்கிறதென்று செம்பனைக் குலைச் சக்கையைப் பாதி மக்கலிலேயே கலக்கிறீர்களா? அந்த ஈக்கு அதைவிட விருந்து கிடையாது. மஞ்சள் ஒட்டுஅட்டையில் பறப்பதுதான் ஒட்டும். வேரைத் தின்னும் புழு மேல்மண்ணில் இருக்கும். ஓர் உருளைக்கிழங்குத் துண்டை மண்மேல் வைத்து இரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள், தெரியும். கொசுப்புழுவுக்குப் போடும் பிடிஐ (Bti) என்ற பாக்டீரியா மருந்து இதற்கும் கேட்கும். மேலே அரை அங்குலம் கழுவிய ஆற்றுமணல் தூவி, அது காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர்.

மல்லிகைக் குச்சிக்கு எருவே வேண்டாம், மணலும் தென்னைநார்த்தூளும் போதும். வேர் விடும்வரை உரத்தைத் தொடாதீர்கள். தாய்ச்செடி மாறும்போதெல்லாம் கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

பழைய பாலிபேக்கைத் திரும்பப் பயன்படுத்துவதானால் மண் போகக் கழுவி, ஒரு பங்கு குளோராக்ஸுக்கு (துணி வெளுக்கும் ப்ளீச்) ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அரைமணி ஊறவைத்து, அலசிக் காயவிடுங்கள். டிரம்மையும் அதே கலவையால் தேய்த்து, நன்றாக அலசி, கொசுவலை கட்டி மூடுங்கள்.