தனியார் பஸ்ஸை விற்ற பிறகு அது எங்கே போகிறது?

காரைக்குடிப் பக்கம் தனியார் பஸ் முதலாளிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை வண்டியை மாற்றிவிடுகிறார்களே, பழையது என்ன ஆகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே வண்டி வாங்கி விற்கும் புரோக்கர் ஒருவரிடம் பேப்பர் வேலை பார்த்தவன் நான். பார்த்ததைச் சொல்கிறேன்.

பஸ் முதலாளிக்குச் சொத்து பஸ் இல்லை, பெர்மிட்தான். எந்த ரூட், எத்தனை நடை, எத்தனை மணிக்கு எடுப்பது எல்லாம் அதில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 83-ஆவது பிரிவின்படி, அனுமதி வாங்கி அதே வகை வேறு வண்டியை அதே பெர்மிட்டில் ஓட்டலாம். அதனால்தான் தேவகோட்டைக்குப் போகும் ஏழரை மணி வண்டி எத்தனை முறை மாறினாலும் ஜனங்களுக்கு 'ஏழரை வண்டி'தான். பழைய பஸ்ஸை வாங்குகிறவருக்கு ரூட் கிடையாது. எஞ்சினும் பாடியும் ஆர்.சி. புத்தகமும்தான். பக்கவாட்டில் எழுதிய பெயரைக்கூடச் சுரண்டிவிட்டுத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

நல்ல நிலையில் இருந்தால் முதலில் கண் வைப்பது கல்லூரிக்காரர்கள். அவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டே நடை, காலையும் மாலையும். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய எஞ்சினுக்கு இது ஓய்வு மாதிரி. பள்ளிக்கூடங்களும் வாங்கும். ஆனால் 2012-இல் தமிழக அரசு பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்த பிறகு மஞ்சள் பெயிண்ட், அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று செலவு கூடிவிட்டது. அடுத்த சுற்று நூல் மில்கள், ஆள் ஏற்றி இறக்க. அங்கே சீட் கிழிந்திருந்தாலும் யாரும் கேட்பதில்லை. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடாவருடம் எஃப்.சி. (ஓட்டத் தகுதியானது என்ற சான்று) எடுக்க வேண்டும், வெல்டிங், பெயிண்ட், டயர் என்று அந்தச் செலவு வண்டி விலையை எட்டிப் பிடிக்கும்போதுதான் 'கட்டிங்குக்கு விட்டுடலாம்ணே', அதாவது உடைத்துப் பிரிக்கக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு வரும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பழைய லேலண்ட், டாட்டா வண்டிகளுக்கு மவுசு கூடியது என்பது என் கணிப்பு. புதுசின் விலை ஏறிவிட்டது. சென்சார், யூரியாக் கரைசல் என்று உள்ளூர் மெக்கானிக் கை வைக்கத் தயங்கும் சமாச்சாரங்களும் சேர்ந்துவிட்டன.

கட்டிங் என்பது செட்டிநாட்டு வீட்டைப் பிரிப்பது போலத்தான். நிலைக்கதவும் தேக்குத் தூணும் தனித்தனியாக முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போகும் இல்லையா, இங்கே எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சைத் தாங்கும் ஹவுசிங் மூன்றும் முதலில் கழன்று இன்னொரு பழைய வண்டிக்குப் போய்விடும். அலுமினியத் தகடு தனி எடை, இரும்பு தனி எடை. டிஸ்க்கும் டயரும் டயர் வைத்த மாட்டு வண்டிக்குப் போவதுண்டு. அச்சின் மேல் அடுக்கடுக்காக இருக்கும் வில்பட்டைக்கு எப்போதும் கிராக்கி. நம் மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள் கேள்விப்பட்டிருப்பீர்கள், பட்டறைக்காரர்கள் தேடுவது இந்த எஃகைத்தான்.

அரசு பஸ் கதை வேறு. காரைக்குடியைத் தலைமையிடமாக வைத்து 1983-இல் மருது பாண்டியர் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997-இல் தலைவர்கள் பெயர் எல்லாம் எடுக்கப்பட்டு, இன்று கும்பகோணம் கோட்டத்தில் ஒரு மண்டலம். அவர்களின் 'கண்டம்' வண்டிகள், அதாவது இனி ஓட்ட வேண்டாம் என்று கழித்த வண்டிகள், ஏலத்துக்குப் போகும். 15 வருடம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததால், அந்த வயது வண்டியை ஏலத்தில் எடுத்துக் கல்லூரிக்கு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நீங்களே விற்பதாக இருந்தால்: பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆகிய இரண்டு படிவங்களிலும் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். பெயர் மாறும்வரை வரி பாக்கியும் அபராதமும் உங்கள் விலாசத்துக்குத்தான் வரும். ஃபைனான்ஸ் இருந்தால், கடன் தீர்ந்ததைப் பதிவு செய்யும் 35-ஆம் படிவம் முதலில். கட்டிங்குக்கு விட்டால் சேஸ் நம்பர் இருக்கும் துண்டை வெட்டி வாங்கி, ஆர்.சி.யோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்துப் பதிவை ரத்து செய்யுங்கள். அதைச் செய்யாமல் விட்டு, இல்லாத வண்டிக்குக் காலாண்டு வரி கேட்டு நோட்டீஸ் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.